ஸ்டீமரில் எந்தத் தண்ணீரை ஊற்றுவது?

கேள்வி: மகளுக்கு முகத்தில் ஆவி பிடிக்கும் ஸ்டீமர் வாங்கிக் கொடுத்தேன். வீட்டு போர் தண்ணீரைத்தான் ஊற்றி வந்தோம். இரண்டே மாதத்தில் உள்ளே வெள்ளையாகப் படிந்துவிட்டது. ஆவி குறைந்து, நடுநடுவே கொதிநீர்த் துளி தெறிக்கிறது. இந்த உப்பு அவள் முகத்திலும் படியுமா? காய்ச்சிய தண்ணீர் ஊற்றலாமா, இன்வெர்ட்டர் பேட்டரிக்கு விற்பதை வாங்கலாமா?
- ஒரு வாசகி, நாமக்கல்

பதில்: முகத்தில் உப்பு படியும் என்ற பயம் வேண்டாம். தண்ணீர் கொதித்து ஆவியாகும்போது உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். எனக்குக் கவலை அந்தத் துளிகளைப் பற்றித்தான். சூடேறும் தட்டில் சுண்ணாம்பு ஏறி, ஆவி வரும் துவாரமும் அடைபட்டால், கொதிநீர் ஆவியோடு சேர்ந்து வெளியே தெறிக்கும். கன்னத்தில் பட்டால் கொப்புளமே வந்துவிடும். கருவியைச் சுத்தம் செய்யும்வரை மகளை அதன் முன் உட்கார விடாதீர்கள்.

வெள்ளை வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்து, பிளக்கைக் கழற்றிய கருவியில் அரைமணி நேரம் ஊறவிடுங்கள். படிவம் நுரைத்துக் கரையும். நன்றாக அலசி, ஒருமுறை வெறும் தண்ணீரில் ஓடவிட்ட பிறகு பயன்படுத்தலாம்.

இனி ஊற்ற வேண்டிய தண்ணீர். குடிநீரில் கரைந்திருக்கும் உப்புகள், அதாவது டிடிஎஸ், லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது என்கிறது இந்தியத் தர நிர்ணயம். போர் தண்ணீரில் பல ஊர்களில் அது 1000-ஐத் தாண்டுகிறது. காய்ச்சினால் கடினத்தன்மையில் ஒரு பகுதி மட்டுமே வெள்ளைத் தூளாக அடியில் இறங்கும். மற்ற உப்புகள் அப்படியே இருக்கும். டிஸ்டில்டு வாட்டர், அதாவது உப்பு நீங்கக் காய்ச்சி வடித்த நீர், மிகச் சிறந்தது. ஆனால் ஆர்.ஓ. தண்ணீரோ, சீல் வைத்த குடிநீர் கேனோ வீட்டு உபயோகத்துக்குப் போதும். ஆர்.ஓ. கருவி கழித்துவிடும் நீரை மட்டும் ஊற்றாதீர்கள், உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது. பேட்டரி கடையில் திறந்த கேனிலிருந்து ஊற்றித் தருவதும் வேண்டாம், ஏசியிலிருந்து சொட்டுவதும் வேண்டாம். இரண்டுமே உடம்புக்காகத் தயாரானவை அல்ல.

ஒன்றைக் கட்டாயம் பாருங்கள்: உங்கள் கருவி எந்த வகை? மேலே சொன்னது சூடேறும் தட்டு உள்ள வகைக்கு. விலை குறைந்த பிளாஸ்டிக் ஸ்டீமர்கள் சிலவற்றில் தண்ணீருக்குள் இரண்டு மின்முனைகள் இருக்கும். தண்ணீர் வழியாக மின்சாரம் பாய்ந்துதான் அவற்றில் ஆவி வரும். டிஸ்டில்டு வாட்டர் ஊற்றினால் ஆவியே வராது. அதனால்தான் ஒரு சிட்டிகை உப்புப் போடச் சொல்லிக் கையேட்டில் அச்சிட்டிருப்பார்கள். அந்த வகையில் குழாய்த் தண்ணீரே சரி. ஆனால் பிளக்கில் இருக்கும்போது அந்தத் தண்ணீரை விரலால்கூடத் தொடக்கூடாது, ஷாக் அடிக்கும். மூன்றாவது வகை, சூடாக்காமல் அதிர்வினால் பனித்துளி கிளப்பும் அல்ட்ராசோனிக் கருவி. அது தண்ணீரில் உள்ள உப்பையும் கிருமியையும் சேர்த்தே முகத்தில் தூவும். அதற்கு டிஸ்டில்டு வாட்டர் மட்டும்தான்.

வேப்பிலை, மஞ்சள், பன்னீர், தைலம் எதையும் கருவியின் தொட்டியில் போட வேண்டாம். அவற்றுக்குப் பாத்திரமும் போர்வையும் இருக்கின்றன. மீதித் தண்ணீரை அன்றே கொட்டி, தொட்டியைத் துடைத்துக் காயவையுங்கள். சுத்தம் செய்த பிறகும் துளி தெறித்தால், அந்தக் கருவியை மகளுக்குக் கொடுக்காதீர்கள், வேறு வாங்கிவிடுங்கள்.