எலும்பை வைத்து இறந்தவரின் வயதைச் சொல்ல முடியுமா?

சிங்கப்பூரின் பிடாடரி இடுகாட்டில் 2001 முதல் 2006 வரை தோண்டியெடுத்த எலும்புகளைப் பார்த்து வயதைக் கணித்திருக்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

முடியும், இளவயது என்றால் நெருக்கமாகவே. குழந்தையின் தாடைக்குள் பற்கள் எவ்வளவு வளர்ந்திருக்கின்றன என்பதே வயதைக் காட்டிவிடும். பதின்ம வயதில் கை கால் எலும்புகளின் முனைகள் தண்டோடு ஒட்டத் தொடங்கும். மார்பெலும்பைத் தொடும் காறை எலும்பு முனை இருபதுகளின் இறுதியில்தான் முழுமையாக ஒட்டும்.

அதன்பின் தேய்மானம்தான் சாட்சி. இடுப்பெலும்புகள் முன்பக்கம் சந்திக்கும் பரப்பை விரலால் தடவிப் பாருங்கள்: இளையவருக்கு உழுத வயல்போல் வரி வரியாக இருக்கும், நாற்பதை நெருங்கும்போது வழவழப்பாகும், பிறகு குழி விழும். ஐம்பதைத் தாண்டியவருக்கு ஒரே எண்ணைச் சொல்பவரை நான் நம்பமாட்டேன்.

அமில மண்ணில் எலும்பு கரைந்து பல் மட்டுமே மிஞ்சலாம். அதனால் மண்ணைப் பொறுமையாகச் சலிக்க வேண்டும்.