பழைய தேக்குக் கதவுக்கு ஸ்மார்ட் லாக் போடலாமா?

கேள்வி: திருச்சியில் தனி வீடு, 25 வருஷத்துக்கு முன்பு அப்பா கட்டியது. வாசலில் உள்பக்கமாகத் திறக்கும் ஒற்றைத் தேக்குக் கதவு, அதற்கு வெளியே கிரில் கேட். நானும் மனைவியும் வேலைக்குப் போகிறோம். அப்பாவுக்கு 74 வயது. நடைப்பயிற்சிக்குப் போகும்போது சாவியை மறந்துவிட்டு வாசலில் நிற்கிறார். பையன் நாலு மணிக்கு ஸ்கூலிலிருந்து வந்தால், அம்மா கோயிலுக்குப் போயிருந்தால், அவனுக்கும் அதே கதி. விரல் ரேகையிலோ நம்பரிலோ திறக்கும் ஸ்மார்ட் லாக் போடலாமா? தேக்குக் கதவில் ஓட்டை போட அம்மாவுக்கு மனசே இல்லை. பேட்டரி தீர்ந்துவிட்டால் என்ன செய்வது?

பதில்: தாராளமாகப் போடலாம். ஆனால் எந்த மாடல் என்று தேடுவதற்கு முன், வாசலில் போய் நின்று இரண்டு விஷயங்களைப் பாருங்கள்.

முதலாவது, நீங்களே குறிப்பிட்டிருக்கும் கிரில் கேட். பகலில் அதில் தொங்கும் பூட்டு போடும் வழக்கம் இருந்தால், உள்ளே எவ்வளவு நல்ல ஸ்மார்ட் லாக் இருந்தாலும் பையன் கிரில்லுக்கு வெளியேதான் நிற்பான். பகலில் கிரில்லைக் கொண்டியோடு விட்டுவிட்டு, ராத்திரி மட்டும் பூட்டுவது என்று வீட்டில் முடிவு செய்யுங்கள். இதற்கு அம்மா சம்மதிக்கவில்லை என்றால் ஸ்மார்ட் லாக்கே வேண்டாம், பணம் மிச்சம். கிரில்லுக்கும் கதவுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்றும் அளந்துகொள்ளுங்கள். வெளியே துருத்திக்கொண்டு நிற்கும் கைப்பிடியில் கிரில் இடித்துப் பிறகு திருப்பி அனுப்பிய பூட்டுகள் உண்டு.

இரண்டாவது, கதவு எப்படி மூடுகிறது என்பது. நம் வீடுகளில் ஸ்மார்ட் லாக் தகராறு செய்கிறது என்று கூப்பிட்டுப் போய்ப் பார்த்தால், பெரும்பாலும் பூட்டில் கோளாறு இருக்காது, கதவில்தான் இருக்கும். பழைய கதவை நாம் பழக்கத்தில் மூடுகிறோம்: லேசாகத் தூக்கி, தோளால் ஒரு தள்ளு தள்ளி, சாவியைத் திருப்புவோம். அந்தத் தூக்கலும் தள்ளலும் கைக்குப் பழகிவிட்டதால் நமக்கே தெரியாது. பூட்டுக்குள் இருக்கும் சின்ன மோட்டாருக்கு அந்த வித்தை தெரியாது. அதன் நாக்கு நிலையில் உள்ள தகட்டில் இடித்தால் மோட்டார் முக்கும், பீப் அடிக்கும், திரும்ப முயலும். பல மாதம் வர வேண்டிய பேட்டரி சில வாரத்தில் படுத்துவிடும்.

இதற்கு ஒரு எளிய சோதனை இருக்கிறது. இப்போதுள்ள பூட்டின் நாக்கு முனையில் கொஞ்சம் குங்குமத்தைக் குழைத்துத் தடவுங்கள். கதவை ஒரே விரலால் மெதுவாகச் சாத்தி, தூக்காமல் தள்ளாமல் பூட்டிப் பாருங்கள். பிறகு திறந்து நிலையைப் பார்த்தால், நாக்கு எங்கே தொட்டது என்று சிவப்பாகத் தெரியும். ஓட்டைக்குள் நேராகப் போயிருந்தால் சரி. தகட்டின் கீழ் விளிம்பில் கறை இருந்தால் கதவு இறங்கியிருக்கிறது என்று அர்த்தம். பெரும்பாலும் மேல் கீல் ஸ்க்ரூக்கள் தளர்ந்திருக்கும். நீளமான ஸ்க்ரூ போட்டு முடுக்கினாலே கதவு பழைய இடத்துக்கு ஏறிவிடும். கதவின் மேல் மூலை நிலையில் உரசினால், ஆசாரியைக் கூப்பிட்டு அந்த இடத்தை இழைக்கச் சொல்லுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் மரம் ஈரத்தை இழுத்து உப்பும். இந்தச் சோதனையைக் கோடையில் செய்தால், மழைக்காலத்துக்கும் சேர்த்துச் சற்று இடம் விட்டே இழைக்கச் சொல்ல வேண்டும்.

இதெல்லாம் சரியாக இருந்தால் பூட்டுக்கு வருவோம். ஸ்மார்ட் லாக்கில் இரண்டு வகை முக்கியம். மார்ட்டைஸ் என்பது கதவுச் சட்டத்தின் பருமனுக்குள்ளேயே குடைந்து பொருத்துவது, கைப்பிடியோடு வரும். ரிம் லாக் என்பது கதவின் உள்முகத்தில் பெட்டி போல உட்காருவது. பழைய நைட் லாட்ச் மாதிரிதான். உங்கள் கதவுக்கு நான் ரிம் லாக்கைத்தான் சொல்வேன். அம்மாவின் மனசுக்காக மட்டும் இல்லை.

மார்ட்டைஸ் பூட்டில், கதவின் ஓரத்திலிருந்து கைப்பிடி மையம் வரை 60 மி.மீ. என்பது சகஜமான அளவு. அதற்கும் உள்ளே பூட்டின் உடம்பு இன்னும் கொஞ்சம் நீளும். ஆக, கதவின் நெடுக்குச் சட்டம் நாலு இன்ச்சாவது இருந்தால்தான் குடைந்த பிறகும் மரத்துக்குப் பலம் மிஞ்சும். பழைய தேக்குக் கதவுகளில் சட்டம் ஓரத்தில் தடிமனாக இருந்தாலும், பலகையை ஒட்டி மணி மணியாக வேலைப்பாடு செய்திருப்பார்கள். பூட்டின் தட்டு அந்த மேட்டில் ஏறி உட்கார்ந்தால் சமமாகப் பதியாது. இன்னொன்று, கைப்பிடி வரும் உயரத்தில்தான் பல கதவுகளில் நடுக் குறுக்குச் சட்டம் வந்து நெடுக்குச் சட்டத்தோடு மூட்டுப் போட்டிருக்கும். அந்த மூட்டுக்குள் குடைந்தால், கதவைச் சேர்த்துப் பிடித்திருக்கும் மர நாக்கையே அறுத்ததாகிவிடும். அவசரத்தில் வரும் டெக்னீஷியன் இதைப் பார்க்க மாட்டார். நல்ல ஆசாரி முதலில் அதைத்தான் பார்ப்பார்.

ரிம் லாக்குக்கு இவ்வளவு வெட்டு கிடையாது. வெளியே கீபேடு, உள்ளே மோட்டார் பெட்டி, இரண்டையும் இணைக்கும் ஒயரும் சாவித் துளையும் போக ஓட்டை, ஸ்க்ரூத் துளைகள், நிலையின் உள்முகத்தில் நாக்கு நுழைய ஒரு கூடு. ஏற்கெனவே நைட் லாட்ச் இருந்த கதவென்றால் பழைய ஓட்டையையே பெரும்பாலும் பயன்படுத்தலாம். கதவு உள்பக்கமாகத் திறப்பதும் இந்த வகைக்குத் தோதுதான். வாங்கும் முன் கதவின் பருமனை அளந்து, பெட்டியில் போட்டிருக்கும் வரம்போடு ஒப்பிடுங்கள். தேக்குக் கதவு 35 முதல் 40 மி.மீ. இருந்தால் பெரும்பாலான மாடல்கள் பொருந்தும். அந்த ஓட்டை தேவைப்படாவிட்டால் பழைய பூட்டைக் கழற்ற வேண்டாம், ஊருக்குப் போகும்போது அதையும் சேர்த்துப் பூட்டிவிட்டுப் போகலாம்.

அப்பாவின் விரலைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் நாளைக்கு அதுதான் புகாராக வரும். வயதானவர்களுக்கு விரல் ரேகை தேய்ந்து, தோல் உலர்ந்திருக்கும். சென்சார் நாலு தடவைக்கு ஒரு தடவை கையை விரிக்கும். ஒரே கட்டைவிரலை இரண்டு மூன்று முறை தனித்தனிப் பதிவாக ஏற்றுங்கள். இடது கைக்கும் ஒரு பதிவு வையுங்கள், வலது கையில் பை இருக்கும்போது உதவும். ரேகையை ஒளியால் படம் பிடிக்கும் ஆப்டிகல் சென்சாரைவிட, மின்சாரத்தால் உணரும் செமிகண்டக்டர் சென்சார் இந்த மாதிரி விரல்களுக்குத் தேவலை. அப்படியும் படுத்தினால் பூட்டில் காட்டினால் திறக்கும் கார்டு ஒன்றை அப்பாவுக்குக் கொடுத்துவிடுங்கள், சட்டைப் பையில் கிடக்கட்டும். அம்மா பாத்திரம் தேய்த்த ஈரக் கையோடு வந்து விரல் வைத்தாலும் திறக்காது, துடைத்துவிட்டு வைக்கச் சொல்லுங்கள். ஆயுத பூஜைக்குப் பூட்டுக்கும் சந்தனப் பொட்டு வைப்பார்கள் என்றால் கைப்பிடியில் வைக்கட்டும், சென்சார் கண்ணாடியில் வேண்டாம். காய்ந்த சந்தனத்தைச் சுரண்டினால் கீறல் விழும்.

பையனுக்குத் தனி நம்பர் கொடுங்கள். வீட்டில் எல்லாருக்கும் ஒரே நம்பர் வைத்தால் யார் வந்தார்கள் என்று போனில் உள்ள பூட்டின் ஆப்பில் தெரியாது, ஒருத்தருக்காக மாற்றினால் எல்லாரும் மறுபடி மனப்பாடம் செய்ய வேண்டும். சரியான நம்பருக்கு முன்னும் பின்னும் ஏதாவது எண்களைச் சேர்த்து அடித்தாலும் திறக்கும் வசதி பல மாடல்களில் இருக்கிறது; பக்கத்தில் நண்பர்கள் நிற்கும்போது அவன் அப்படி அடிக்கப் பழகட்டும். வெறுமனே அதே நாலு பட்டனை அழுத்திக்கொண்டிருந்தால், எந்தெந்த எண் என்று விரல் கறையே சொல்லிவிடும். பகலில் அம்மா மட்டும் இருக்கும்போது உள்ளே மேல் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டுத் தூங்கினால், நம்பர் அடித்தும் பிரயோஜனம் இல்லை என்பதையும் சொல்லி வையுங்கள்.

வைஃபை உங்களுக்கு அவசியம் என்று தோன்றவில்லை. ஆபீசில் இருந்தபடியே திறந்துவிட வேண்டும் என்றால் மட்டும் அது தேவை. பேட்டரியையும் சீக்கிரம் குடிக்கும். அப்படி வாங்கினால் வீட்டு ரவுட்டரையும் பாருங்கள், பெரும்பாலான பூட்டுகள் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில்தான் சேரும். வேலைக்கு வருபவர்களுக்கு ஒரு நாள் நம்பர் கொடுக்க, சில மாடல்களில் பூட்டுக்கு நெட்டே வேண்டாம். உங்கள் போனில் உள்ள ஆப் நம்பரை உருவாக்கித் தரும். கேமரா, முகம் பார்த்துத் திறப்பது இதற்கெல்லாம் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள்.

இனி பேட்டரி பயம். கரண்ட் போனால் பூட்டுக்கு ஒன்றும் ஆகாது, அது பேட்டரியில் ஓடுகிறது. பெரும்பாலும் நாலு பென்சில் பேட்டரி. தீர்வதற்கு முன்பே, திறக்கும்போதெல்லாம் கத்தி எச்சரிக்கும். அதையும் அலட்சியம் செய்து முழுக்கத் தீர்ந்துவிட்டால், கீபேடின் அடியில் இரண்டு உலோகப் புள்ளிகள் இருக்கும். கடையில் 9 வோல்ட் சதுர பேட்டரி வாங்கி அதில் ஒட்டிப் பிடித்துக்கொண்டு நம்பர் அடித்தால் திறக்கும். புது மாடல்களில் அந்த இடத்தில் டைப்-சி துளை இருக்கும், பவர் பேங்க் போதும்.

பேட்டரி ஆல்கலைன்தான் போட வேண்டும். ரீசார்ஜ் பேட்டரி வேண்டாம். அதன் அழுத்தம் 1.5 வோல்ட் இல்லை, 1.2 வோல்ட்தான், பூட்டு முதல் நாளே சார்ஜ் குறைவு என்று நினைத்துக்கொள்ளும், எச்சரிக்கையை நம்ப முடியாது. மலிவான சாதா பேட்டரி உள்ளேயே கசிந்து பச்சை பூத்து, பூட்டையே கெடுக்கும்.

சாவித் துளை இல்லாத மாடல் உங்கள் வீட்டுக்கு வேண்டவே வேண்டாம். வாங்கும்போது கம்ப்யூட்டர் கீ என்று கடைக்காரர்கள் சொல்லும் குழிச் சாவி வகையாகக் கேளுங்கள், சாதாரண ரம்பச் சாவியைவிடக் கள்ளச் சாவி போடுவது சிரமம். அப்புறம் அந்தச் சாவியை பீரோவில் பத்திரமாக வைக்காதீர்கள்! பூட்டு மக்கர் செய்யும் அன்றைக்கு பீரோ கதவுக்கு அந்தப் பக்கம் இருக்கும். ஒன்று உங்கள் ஆபீஸ் டிராயரில், ஒன்று நாலு தெரு தள்ளி இருக்கும் உறவினர் வீட்டில்.

பொருத்தும் நாளில் பெட்டியோடு வரும் காகித அச்சைக் கதவில் ஒட்டிக் குறித்த பிறகே துளை போடட்டும். தேக்கு கெட்டி மரம், முதலில் சின்னத் துளை போடாமல் ஸ்க்ரூ ஏற்றினால் ஸ்க்ரூ முறியும் அல்லது மரம் விரிசல் விடும். கடைசி முடுக்கலைக் கையால் செய்யச் சொல்லுங்கள். டிரில் மெஷினால் இறுக்கினால் பூட்டின் உடம்பு கோணி நாக்கு இறுகும். வாசல் மேற்குப் பார்த்திருந்தால், வெயிலும் சாரலும் நேராக அடிக்கும் இடம் என்பதால், வெளிப் பாகம் எவ்வளவு சூடு தாங்கும், தூசியும் தண்ணீரும் எவ்வளவு தாங்கும் என்று காட்டும் ஐபி தரம் என்ன என்று முன்பே கேட்டிருக்க வேண்டும். மழை நேராகப் படும் இடத்துக்கு ஐபி65 நல்லது.

விரல், நம்பர், கார்டு, சாவி நான்கையும் கதவு திறந்திருக்கும்போதே சோதித்துப் பாருங்கள். அதுவரை கதவைச் சாத்த வேண்டாம், கொல்லைக் கதவும் திறந்தே இருக்கட்டும். டெக்னீஷியன் கிளம்பும் முன் கம்பெனி வைத்த மாஸ்டர் நம்பரை, அவர் பார்க்காதபடி நீங்களே மாற்றுங்கள். செய்து காட்டுவதற்காக அவர் தன் விரலைப் பதிந்திருப்பார். பயனர் பட்டியலைத் திறந்து, அந்தப் பதிவை அழித்துவிட்டு, அதே விரலை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். திறக்கவில்லை என்றால் பணத்தைக் கொடுக்கலாம்.