உட்கார்ந்தால் எரிகிறது

கேள்வி: புளியமரத்திலிருந்து விழுந்து தண்டுவடம் அடிபட்டதிலிருந்து சக்கர நாற்காலியில் இருக்கிறேன். கடையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்ததும், தொட்டால் உணர்வே இல்லாத பிட்டமும் தொடையும் நெருப்பாய் எரிகின்றன. வெந்நீர் ஒத்தடம் கொடுக்கலாமா?
- வாசகர், குடியாத்தம்

பதில்: ஒத்தடம் வேண்டாம், உணர்வற்ற தோல் வெந்துபோனாலும் உங்களுக்குத் தெரியாது. இந்த எரிச்சல் கற்பனையன்று. சேதமடைந்த நரம்புப் பாதைகள் தாமாகவே தவறான செய்திகளை மூளைக்கு அனுப்புவதால் எழும் நரம்பு வலி. சாதாரண வலி மாத்திரைகள் இதற்குப் பெரும்பாலும் உதவுவதில்லை. பிரீகாபலின், காபாபென்டின், அமிட்ரிப்டிலின் போன்றவற்றை மருத்துவர் சிறிய அளவில் தொடங்கி மெல்லக் கூட்டுவார். தூக்கக் கலக்கம் வருகிறதென்று நீங்களாகத் திடீரென நிறுத்திவிடக் கூடாது.

உட்காரும்போது வலி கூடுவதால், நான் முதலில் இருக்கையைத்தான் சந்தேகிக்கிறேன். கால்மிதி உயரமாக இருந்தால் தொடைகள் மேலெழும்பி, உடல் எடை பிட்ட எலும்புகளின்மேல் குவியும். காற்று மெத்தையில் காற்று மிகுந்தாலும் குறைந்தாலும் அதே கேடுதான். 15 முதல் 30 நிமிடங்களுக்கு ஒருமுறை முன்னால் நன்றாகக் குனிந்தோ, பக்கவாட்டில் சாய்ந்தோ, இரண்டு நிமிடமாவது அழுத்தத்தைக் குறையுங்கள், வாடிக்கையாளர் காத்திருக்கட்டும். இரவில் கண்ணாடி வைத்துத் தோலைப் பார்த்து, மறையாத சிவப்பு இருந்தால் அந்த இடம் அழுந்தும்படி உட்காருவதை நிறுத்துங்கள்.

எரிச்சல் திடீரென அதிகரித்தால் படுக்கைப்புண், சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல் ஆகியவற்றைச் சோதிக்க வேண்டும். உணர்விழப்பு மேலே ஏறினாலோ, கை பலவீனமானாலோ தாமதிக்காதீர்கள்.

வேலூர் பாகாயத்தில், தாமே சக்கர நாற்காலியில் இருந்த மருத்துவர் மேரி வர்கீஸ் 1966இல் தொடங்கிய சி.எம்.சி. (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி) மறுவாழ்வு மையம் உங்களுக்கு அருகிலேயே இருக்கிறது. செல்லும்போது உங்கள் நாற்காலியையும் மெத்தையையும் தவறாமல் கொண்டு செல்லுங்கள்.