ஒரே நாளில் ஐந்து இடம் வேண்டாம்

கேள்வி: அலுவலகப் பயிற்சிக்காக ஜப்பானின் ஒசாகாவுக்குப் போகிறேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஓய்வு. கூட வருபவர்கள் ஷாப்பிங் போகிறார்கள். நான் தனியாகக் கியோட்டோ போய் கின்காகுஜி பொற்கோயில், அராஷியாமா மூங்கில் காடு, கியோமிசு கோயில், ஃபுஷிமி இனாரி பார்த்துவிட்டு, மாலையில் நாராவில் மான்களையும் பார்க்க நினைக்கிறேன். முடியுமா? மொழி தெரியாத ஊரில் தனியாகச் சுற்றுவது வீண் என்கிறார்களே? ரயில் பாஸ் வாங்கட்டுமா?
– ஒரு வாசகி, திருச்சி

பதில்: முடியாது. அடித்துப்பிடித்து முடித்தாலும் பேருந்து நிறுத்தங்கள்தான் நினைவில் நிற்கும். பொற்கோயில் வடமேற்கு மூலையில் இருக்கிறது, பக்கத்தில் ரயிலும் இல்லை. மூங்கில் காடு மேற்கே, கியோமிசு கிழக்கு மலைச்சரிவில், இனாரி தெற்கே. நாராவோ வேறு ஊர். பெரும்பாலான கோயில்கள் மாலை ஐந்து மணி வாக்கில் மூடிவிடும். முதல் மூன்றையும் தயங்காமல் பட்டியலிலிருந்து நீக்கிவிடுங்கள். இனாரியும் நாராவும் ஒரே ரயில் பாதையில் இருக்கின்றன, அவை போதும்.

இனாரிக்குக் காலை ஏழு மணிக்கே போய்விடுங்கள். கியோட்டோ ஸ்டேஷனிலிருந்து நாரா பாதையில் இரண்டாவது நிறுத்தம். விரைவு ரயில் அங்கே நிற்காது, சாதாரண ரயிலில் ஏறுங்கள். கோயிலுக்குக் கட்டணமும் இல்லை, கதவடைப்பும் இல்லை. செந்நிற டோரி வாயில்கள் நெருக்கமாக நிற்கும் முதல் வரிசையில் படம் எடுத்துவிட்டுப் பலர் திரும்பிவிடுகிறார்கள். நீங்கள் ஏறுங்கள். மலை 233 மீட்டர்தான். பாதி வழியில் யோட்சுட்சுஜி என்ற சந்திப்பில் கியோட்டோ நகரம் கீழே விரியும். அதற்கு மேல் கூட்டம் குறைந்துவிடும். இறங்கும்போது வாயில்களின் பின்பக்கத்தைப் பாருங்கள், கொடுத்தவர் பெயரும் தேதியும் எழுதியிருக்கும். இனாரி நெல்லுக்கும் வியாபாரத்துக்கும் உரிய தெய்வம், அதனால் கொடுத்தவர்களில் நிறுவனங்களே நிறைய. நம் கோயில் உபயதாரர் பெயர்களைப் போலத்தான்.

அப்புறம் நாரா. மான்கள் ஆயிரத்துக்கு மேல் உண்டு. அவற்றுக்கென்றே விற்கும் பிஸ்கட்டைக் காட்டினால் தலை குனிந்து கேட்கும், இழுத்தடித்தால் சட்டையைக் கடிக்கும். ஆனால் மானோடு திரும்பிவிடுவது பெரிய இழப்பு. பூங்காவிலேயே இருக்கும் தோடாய்ஜி கோயிலுக்கு அவசியம் போங்கள். ஏறத்தாழ 15 மீட்டர் உயர வெண்கலப் புத்தர். 752-இல் அவருக்குத் தூரிகையால் கண் வரைந்து திறந்தவர் இந்தியாவிலிருந்து போன போதிசேனர் என்ற துறவி. அவர் தூரிகையில் நீண்ட கயிறுகளைக் கட்டி, கூடியிருந்தவர்கள் அவற்றைப் பிடித்துக்கொண்டார்கள், தாங்களும் சேர்ந்து கண் திறந்ததாக. அந்த முகத்தின் முன் அரை மணி நேரமாவது நில்லுங்கள். நிற்க வேண்டுமென்றால் நாள் காலியாக இருக்க வேண்டும், அதற்குத்தான் இவ்வளவும் சொல்கிறேன். பிறகு பின்னால் மேடேறி நிகாட்சுதோ மண்டபத்துக்குப் போங்கள். அதன் முகப்பிலிருந்து ஊர் முழுக்கத் தெரியும், அங்கும் கட்டணம் இல்லை.

தனியாகப் போவது வீண் என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். நாலு பேரோடு போனால் ஒருவருக்குப் பசி, ஒருவருக்குக் கால்வலி, ஒருவருக்குச் செல்ஃபி. புத்தர் முன் அரை மணி நேரம் யாரும் விடமாட்டார்கள். தனியாளாகச் சாப்பிடுவது ஜப்பானில் சாதாரணம், கவுன்டர் இருக்கைகள் அதற்குத்தான். வழி தவறினால் கோபான் என்ற சிறு காவல் சாவடியில் கேளுங்கள். நீங்கள் சைவமென்றால் ஒரு எச்சரிக்கை: காய்கறி சூப்பிலும் பெரும்பாலும் மீன் சாறு இருக்கும்.

சரி, ரயில் பாஸ்? வேண்டாம். ஜப்பான் முழுவதற்குமான ஏழு நாள் பாஸ் 2023 அக்டோபரில் 50,000 யென்னுக்கு ஏறிவிட்டது. கியோட்டோவிலிருந்து நாராவுக்கு டிக்கெட் ஆயிரம் யென்கூட ஆகாது. இகோகா என்ற பயணக் கார்டில் கொஞ்சம் பணம் போட்டுக்கொள்ளுங்கள். திரும்பக் கியோட்டோ வரவும் தேவையில்லை: கின்டெட்சு நாரா ஸ்டேஷனில் ஏறினால் சுமார் நாற்பது நிமிடத்தில் ஒசாகா நம்பாவில் இறங்கிவிடலாம்.