மசாய் மாராவுக்குள் இருக்கும்போது வீட்டிலிருந்து கூப்பிட்டால் போன் அடிக்குமா?

கேள்வி: ஆகஸ்ட் மாதம் நானும் கணவரும் கென்யா போகிறோம். நைரோபி, அம்போசெலி, மசாய் மாரா என்று எட்டு நாள் பயணம். அப்பாவுக்குச் சமீபத்தில்தான் பைபாஸ் ஆனது. அம்மாதான் உடன் இருந்து பார்த்துக்கொள்கிறார். எங்கள் டிராவல்ஸ்காரர் 'சஃபாரி டேட்டா பேக்' என்று 10 ஜி.பி. இ-சிம் ஒன்றை வாங்கச் சொல்கிறார். காட்டுக்குள் அது வேலை செய்யுமா? – வாசகி, திருச்சி

பதில்: உங்களுக்கு வேண்டியது 10 ஜி.பி. டேட்டா இல்லை. அம்மா எந்த நேரத்தில் கூப்பிட்டாலும் அடிக்கிற ஒரு போன் எண். பயணிகளுக்கென்று விற்கும் இ-சிம்களில் (அட்டை இல்லாமல் போனிலேயே இறக்கிக்கொள்ளும் சிம்) பெரும்பாலானவற்றில் எண்ணே கிடையாது, டேட்டா மட்டும்தான். அம்மா வாட்ஸப்பில்தான் கூப்பிட்டாக வேண்டும்.

மாராவில் சிக்னலே இருக்காது என்று சொல்வது பழைய கதை. செகெனானி, தலெக் நுழைவாயில்களை ஒட்டியும் கேம்ப்கள் நெருக்கமாக உள்ள பகுதிகளிலும் 4ஜி நன்றாகவே வரும். வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கினாலோ ஆற்றோரம் ஒதுங்கினாலோதான் சிக்கல். அங்கே டேட்டா நூலாக இளைத்துவிடும். வாட்ஸப் அழைப்பு அறுந்து அறுந்து போகும், செய்தி ஒற்றை டிக்கோடு நிற்கும். ஆனால் அதே இடத்தில் சாதாரண அழைப்பும் எஸ்.எம்.எஸ்.ஸும் பல நேரம் வந்துவிடும், ஏனென்றால் அவற்றுக்கு மெலிந்த சிக்னலே போதும். டேட்டா மட்டும் உள்ள சிம்மை நம்பினால் இந்த வாய்ப்பு உங்களுக்கு இல்லாமல் போகிறது. டிராவல்ஸ்காரரிடம் ஒன்று கேளுங்கள்: அந்த இ-சிம் கென்யாவில் எந்த நிறுவனத்தின் டவரைப் பிடிக்கும் என்று எழுதித் தருவாரா? பதில் தெரியாமலே விற்கிறவர்கள்தான் அதிகம். கமிஷன் எவ்வளவு என்பது மட்டும் தெளிவாகத் தெரியும்.

சஃபாரிகாம் சிம் வாங்குங்கள். கென்யாவின் மிகப் பெரிய நிறுவனம் அது, காட்டுப் பகுதிகளில் அதன் வீச்சுதான் நம்பத் தகுந்தது. உங்கள் போனில் இ-சிம் வசதி இருந்தால், எண்ணோடு கூடிய இ-சிம்மையே சஃபாரிகாமிடம் கேட்டு வாங்கலாம். நைரோபி ஜோமோ கென்யாட்டா விமான நிலையத்தில் இறங்கியதும் நிறுவனத்தின் சொந்தக் கடையில் அசல் பாஸ்போர்ட்டைக் கொடுத்து உங்கள் பெயரிலேயே பதிவு செய்துகொள்ளுங்கள். கடையை விட்டு நகரும் முன் கணவரின் போனிலிருந்து அந்த எண்ணைக் கூப்பிட்டுப் பாருங்கள். பணம் ஏற்றினால் மட்டும் போதாது, அதை டேட்டா பண்டிலாக மாற்ற வேண்டும் (*544# அழுத்தலாம், அல்லது கடைக்காரரையே மாற்றித் தரச் சொல்லலாம்). மாற்றாமல் இணையத்தைத் திறந்தால் பண்டில் இல்லாத விலைக்கு இருப்பு மொத்தமும் கரைந்துவிடும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. விமான நிலையத்துக்கு வெளியேயும் கடைத்தெருவிலும், 'பாஸ்போர்ட் வேண்டாம், உடனே வேலை செய்யும்' என்று சிம் நீட்டுவார்கள். அது வேறு யாருடைய பெயரிலோ ஏற்கெனவே பதிவானது. பயன்படுத்துபவர் பெயரில்தான் பதிவு இருக்க வேண்டும் என்பது கென்யச் சட்டம். அப்படிப்பட்ட எண் எப்போது வேண்டுமானாலும் முடக்கப்படலாம். நீங்கள் மாராவின் நடுவில் இருக்கும்போது அது நடந்தால் மீட்டுத்தர ஆள் கிடையாது, பெயர் உங்களுடையது இல்லாததால் கேட்கவும் முடியாது. டிரைவர்-கைடு நல்ல மனதோடு 'என்னிடம் ஒரு சிம் சும்மா கிடக்கிறது' என்று கொடுத்தாலும் வேண்டாம் என்றுவிடுங்கள். முறையாக வருகிறவரை வரிசையில் நிறுத்திப் படம் பிடித்துப் பதிவு செய்கிறார்கள், அதே ஊரில் பதிவான சிம் தெருவில் விற்கிறது. விற்பவரைத் தடுக்க வேண்டியவர்கள் வாங்கியவரின் இணைப்பைத்தான் துண்டிக்கிறார்கள். இதைப் பார்த்துப் பார்த்து எனக்குச் சலித்துவிட்டது.

இந்திய சிம்மைக் கழற்றி வைக்காதீர்கள். வங்கியின் ஓ.டி.பி. அதற்குத்தான் வரும். கடல் கடந்து போகிற வாடிக்கையாளரையும் ஒரு குறுஞ்செய்திக்காகக் காத்திருக்க வைக்கும் பழக்கத்தை நம் வங்கிகள் இன்னும் விட்டபாடில்லை. கிளம்பும் முன் சர்வதேச ரோமிங்கைத் திறந்துகொண்டு, அந்த சிம்மில் டேட்டா ரோமிங்கை மட்டும் அணைத்துவிடுங்கள். புது சிம் போட்டதும் எண்ணை மாற்றலாமா என்று வாட்ஸப் கேட்கும். மாற்ற வேண்டாம், பழைய எண்ணிலேயே அது ஓடும்.

அடுத்தது எல்லை. பலரும் தவறவிடும் இடம் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். மாராவின் தெற்கு விளிம்புதான் தான்சானியா எல்லை. வேலி கிடையாது, அந்தப் பக்கம் செரெங்கெட்டி தேசியப் பூங்கா. வரிக்குதிரைகளும் வில்டபீஸ்ட் எனும் எருதுமான்களும் ஆறு கடப்பதைப் பார்க்க வண்டி எல்லையோரம் போகும்போது, நீங்கள் கென்ய மண்ணில் இருந்தாலும் போன் தான்சானியா டவரைப் பிடித்துக்கொள்ளலாம். அம்போசெலியிலும் இப்படித்தான், எதிரே தெரியும் கிளிமஞ்சாரோ நிற்பது தான்சானியாவில். இரு நாட்டுக்கும் நேரம் ஒன்றே என்பதால் கடிகாரத்தைப் பார்த்தும் கண்டுபிடிக்க முடியாது. 'தான்சானியாவுக்கு வரவேற்கிறோம்' என்று ஒரு செய்தி வரும், கவனம் முழுக்க முதலை மேல் இருக்கும்போது அதை யார் படிக்கிறார்கள்? உங்கள் இந்திய சிம்மில் கென்யாவுக்கென்று ரோமிங் பேக் போட்டிருந்தால், அதில் தான்சானியா சேர்ந்திருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். சேரவில்லை என்றால் அங்கே பேசும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பேக் இல்லாத கட்டணம்தான். போன் அமைப்பில் நெட்வொர்க் தேர்வைத் 'தானாக' என்பதிலிருந்து கைமுறைக்கு மாற்றி, பட்டியலில் வரும் கென்ய நிறுவனத்தைத் தேர்ந்தெடுங்கள். இரண்டு சிம்முக்கும் தனித்தனியாகச் செய்ய வேண்டும். ஊர் திரும்பியதும் இந்திய சிம்மை மறக்காமல் பழையபடி தானாக மாற்றுங்கள், இல்லையென்றால் சென்னையில் இறங்கியும் சிக்னல் வராது.

கேம்ப் வைஃபையை இரவுக்கு நம்ப வேண்டாம். 2023ல் கென்யாவுக்கு ஸ்டார்லிங்க் வந்த பிறகு பல கேம்ப்களில் வேகம் நன்றாகவே இருக்கிறது. ஆனால் பல இடங்களில் அது சாப்பாட்டுக் கூடத்தில் மட்டும்தான் கிடைக்கும். இரவு ஜெனரேட்டரை நிறுத்தினால் அதுவும் போய்விடக்கூடும். அதனால் கேம்ப் மேனேஜரின் எண், டிரைவர்-கைடின் எண், பயணத்தை நடத்தும் நிறுவனத்தின் நைரோபி அலுவலகத்தில் இரவிலும் போன் எடுக்கும் எண், மூன்றையும் ஒரு தாளில் எழுதி அம்மாவிடம் கொடுங்கள். உங்கள் போன் அடிக்காவிட்டாலும் கேம்ப் காவலர் கூடாரத்துக்கே வந்து எழுப்புவார். தினமும் பேச ஒரு நேரம் வைத்துக்கொள்ளுங்கள். மதியச் சாப்பாட்டுக்குக் கேம்ப் திரும்பிய பிறகு, கென்ய நேரம் 2 மணி வசதி. திருச்சியில் அப்போது 4.30.

அவசரமாகத் திரும்ப நேர்ந்தால் எப்படிப் போவது என்பதையும் டிராவல்ஸ்காரரிடம் இப்போதே கேட்டு வையுங்கள். மாராவின் மண் ஓடுதளங்களிலிருந்து பகலில்தான் விமானம். அது போய் இறங்குவது வில்சன் விமான நிலையத்தில், நீங்கள் வந்திறங்கும் ஜோமோ கென்யாட்டாவில் இல்லை. இரண்டுக்கும் நடுவே நைரோபியின் போக்குவரத்து நெரிசல் இருக்கிறது. சாலை வழி என்றால் மாராவிலிருந்து நைரோபிக்கு ஐந்தாறு மணி நேரம் ஆகும். டேட்டா பேக் விற்கத் தெரிந்தவருக்கு இதற்கும் பதில் தெரிந்திருக்க வேண்டும்.

அம்மாவின் போன் ப்ரீபெய்டாக இருந்தால் ஐ.எஸ்.டி. வசதியும் அதற்கான இருப்பும் இருக்கிறதா என்று பாருங்கள். கென்ய எண்கள் +254ல் தொடங்கும். நீங்கள் கிளம்பும் முன்பே, அம்மாவையே அவர் போனிலிருந்து, தாளில் எழுதிய அந்த நைரோபி அலுவலக எண்ணைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். இணைப்பு கிடைக்கவில்லை என்றால் திருச்சியிலேயே சரிசெய்துகொள்ள உங்களுக்கு நேரம் இருக்கும்.