அடுத்தவர் வாய்ச் சத்தம்

அன்புள்ள ஐயா,

என் அப்பா ஓய்வுபெற்று வீட்டோடு இருக்கிறார். பல்செட்டு கட்டியிருக்கிறார். சாப்பிட உட்கார்ந்தால் சவக் சவக் என்று மெல்லும் சத்தம் அடுக்களை வரைக்கும் கேட்கிறது. ரசத்தை உறிஞ்சத் தொடங்கினால் எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வருகிறது. தட்டை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்விடுகிறேன். பெற்று வளர்த்தவர் மேல் இப்படி எரிச்சல் வரலாமா? இது திமிரா, நோயா?

வாசகி, திருச்சி

அன்புள்ள வாசகிக்கு,

திமிர் இல்லை. நோயா என்று சொல்ல வேண்டியவர் டாக்டர். ஆனால் இப்படிப்பட்ட எரிச்சலுக்கு மிசோபோனியா என்று ஒரு பெயர் இருக்கிறது. யாஸ்ட்ரெபோஃப் என்ற ஆய்வாளர் தம்பதி 2001இல் வைத்த பெயர். மெல்லுவது, உறிஞ்சுவது, மூச்சு இழுப்பது போன்ற சின்னச் சத்தங்கள் சிலருக்குத் தாங்க முடியாத ஆத்திரத்தைக் கிளப்பிவிடும்.

நாம் பேசும் தமிழைக் கொஞ்சம் கவனியுங்கள். தோசை மொறுமொறுவென்று இருந்தது, மாவடு கறுக்கென்று கடிபட்டது என்றால் நாவில் நீர் ஊறுகிறது. சவக் சவக், மடக் மடக், சப்புக்கொட்டுதல் என்று வந்துவிட்டாலோ, தின்கிற ஆளைத் திட்டுகிறோம் என்று பொருள். 'நான் சவக் சவக்கென்று மென்றேன்' என்று எவரும் சொல்லிக் கேட்டதில்லை. அது எப்போதும் அடுத்தவர் வாயில்தான் கேட்கும்.

நம் வாய்ச் சத்தம் நமக்கு ருசியில் சேர்த்தி. ஆக்ஸ்ஃபோர்டில் உளவியல் ஆய்வாளர் சார்லஸ் ஸ்பென்ஸும் அவருடைய சகா ஒருவரும் உருளைக்கிழங்கு சிப்ஸ் கடிப்பவர்களின் காதில் ஹெட்ஃபோனை மாட்டி, அவர்கள் கடிக்கும் சத்தத்தையே கூட்டியும் குறைத்தும் கேட்கவைத்தார்கள். சத்தம் கூடியபோது அதே சிப்ஸ் இன்னும் மொறுமொறுப்பாகத் தெரிந்ததாம். இதற்கு 2008இல் இக்நோபல் பரிசு கிடைத்தது. சிரிக்கவும் வைக்கும், யோசிக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்குக் கொடுக்கும் பரிசு அது.

பிறர் சத்தம் ஏன் உறுத்துகிறது? நியூகாசில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2021இல் ஒன்றைக் கண்டார்கள். மிசோபோனியா உள்ளவர்களின் மூளையில், ஒலியைக் கேட்கும் பகுதிக்கும் வாயையும் தொண்டையையும் அசைக்கும் பகுதிக்கும் இடையே தொடர்பு மற்றவர்களைவிட வலுவாக இருக்கிறது. அப்பா மெல்லும்போது, கேட்காமல் கொள்ளாமல் உங்கள் வாய்க்குள் யாரோ புகுந்து மெல்லுவதைப் போல. கோபம் வராமல் என்ன செய்யும்? அந்தச் சத்தத்தைத் தாங்களும் எழுப்பினால் சிலருக்கு எரிச்சல் தணிவதுண்டு. தட்டோடு அறைக்குள் ஓடாமல், அப்பாவோடு உட்கார்ந்து ஒரு அப்பளத்தை நொறுக்கிப் பாருங்கள். பக்கத்தில் ரேடியோ பாடினால் இன்னும் நல்லது.

ரசத்தைப் பொறுத்தவரை நான் உங்கள் அப்பா கட்சி. உறிஞ்சும்போது காற்றும் சேர்ந்து உள்ளே போகிறது. சூடு ஆறுகிறது, மணம் மூக்குக்கு ஏறுகிறது. குன்னூரில் தேயிலை ருசி பார்ப்பவர்கள் கரண்டித் தேநீரைச் சர்ரென்று உறிஞ்சித்தான் தரம் சொல்கிறார்கள். அதற்குச் சம்பளமும் வாங்குகிறார்கள்.

பல்செட்டு என்றீர்களே, அதைப் பல் மருத்துவரிடம் ஒருமுறை காட்டுங்கள். ஈறு சுருங்கினால் செட்டு தளர்ந்துபோய், மெல்லும்போதெல்லாம் தட்டும். அப்பாவிடம் சத்தத்தைப் பற்றி வாய் திறக்க வேண்டாம். செட்டு ஆடுகிறதா, மெல்லச் சிரமமாக இருக்கிறதா என்று கேட்டால் போதும், அவரே கிளம்பிவிடுவார்.