வடக்கு ஜன்னல் ஹால் சுவருக்கு ஐவரியா, நீலச் சாயல் உள்ள வெளிர் சாம்பலா?

உங்கள் ஹாலுக்கு இருப்பது ஒரே ஜன்னல், அதுவும் வடக்குப் பக்கம் என்கிறீர்கள். அப்படியென்றால் என் ஓட்டு ஐவரிக்குத்தான், அதாவது லேசாக மஞ்சள் கலந்த வெள்ளைக்கு. வடக்கு ஜன்னலில் நேர் வெயில் குறைவு. வானத்திலிருந்து சிதறி வரும் வெளிச்சம்தான் அதிகம், அதில் நீலம் கொஞ்சம் தூக்கல். சுவரும் நீலச் சாம்பலாக இருந்தால் மழைக்காலத்தில் ஹால் சோர்ந்து தெரியும். மேற்குப் பார்த்த அறை நேர்மாறு. அங்கே சாயங்கால வெயிலில் ஐவரி நன்றாகவே மஞ்சளடிக்கும், சாம்பல் அங்கே பொருந்தும்.

சரி, ராத்திரி? நம்மில் பலர் ஹாலில் உட்காருவதே விளக்கு போட்ட பிறகுதானே. நிறைய வீடுகளில் மாட்டியிருப்பது 6500 கெல்வின் எல்இடி, அதன் வெள்ளையில் நீலம் கலந்திருக்கும் (கெல்வின் என்பது வெளிச்சத்தின் நிற அளவு; எண் கூடினால் நீலம் தூக்கல், குறைந்தால் மஞ்சள்). அதன் கீழே ஐவரியின் இதம் பாதி போய்விடும், சில ஷேடுகள் லேசாகப் பச்சையாகக்கூடத் தெரியும். பெயிண்டைக் குறை சொல்லும் முன் 3000 அல்லது 4000 கெல்வின் பல்பு ஒன்றை மாட்டிப் பாருங்கள்.

தரை சிவப்பு ஆக்சைடு என்றால் அந்தச் சிவப்பும் சுவரில் ஏறும்.

ஷேட் கார்டைப் பார்த்து மட்டும் முடிவு செய்ய வேண்டாம். நான்கு சுவரிலும் அடித்தபின் நிறம் ஒன்றில் ஒன்று பட்டு இன்னும் அழுத்தமாகத் தெரியும், அதனால் பிடித்ததைவிட ஒரு படி வெளிறியதை எடுங்கள். பெரிய அட்டையில் இரண்டு கோட் அடித்துக் காயவிட்டு, காலை, மாலை, விளக்கு வெளிச்சம் என்று மூன்றிலும் பாருங்கள். அட்டையைச் சுற்றி வெள்ளைத் தாள் ஒட்டினால் பழைய சுவர் நிறம் கண்ணை ஏமாற்றாது.